நிமிர்ந்து ஓட்டுவதா, குனிந்து ஓட்டுவதா?

(கொச்சி மட்டாஞ்சேரி ஜூ டவுனில் தமிழ் அன்பர்கள் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சைக்கிளில் எப்படி உட்கார வேண்டும் என்று கேட்டால், ஓட்டத் தெரிந்த யாரும் "இதிலே பேச என்ன இருக்கிறது" என்றுதான் சொல்வார்கள். ஆனால் முட்டி வலிக்கிறது, இடுப்புப் பிடித்துக்கொள்கிறது, சுண்டுவிரல் மரத்துப்போகிறது என்று சைக்கிளைச் சுவரில் சாத்திவைத்துவிட்டவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். வயதாகிவிட்டது என்று தங்களையே நொந்துகொள்வார்கள், அல்லது வண்டி சரியில்லை என்பார்கள். உடம்பும் வண்டியும் சேருகிற இடத்தை யாரும் பார்ப்பதில்லை. அந்த இடங்கள் மூன்றே மூன்று: சீட், பெடல், ஹேண்டில்பார். இந்த மூன்றும் ஒன்றுக்கொன்று எவ்வளவு உயரத்தில், எவ்வளவு தூரத்தில் இருக்கின்றன என்பதுதான் நாம் நிமிர்ந்து ஓட்டுகிறோமா, குனிந்து ஓட்டுகிறோமா என்பதை முடிவு செய்கிறது.

நான் சொல்ல வந்தது ஒன்றுதான். எல்லாருக்கும் எங்கேயும் பொருந்தும் ஒரே உட்காரும் முறை கிடையாது. எந்தத் தெருவில் ஓட்டுகிறோம், என்ன வேகத்தில் ஓட்டுகிறோம், என்ன சுமை ஏற்றுகிறோம், என்ன உடுத்தியிருக்கிறோம், ஓட்டுகிறவரின் உடம்பு எப்படிப்பட்டது என்று கேட்ட பிறகுதான் எது சரி என்று சொல்ல முடியும். இந்தக் கேள்விகளைக் கேட்காமல் சைக்கிள் வாங்குவதும் விற்பதும் கொடுப்பதும் நம் வழக்கமாகிவிட்டது. அதை மாற்ற வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

நாம் கூடியிருக்கும் இடத்தையே அளவுகோலாக வைத்துக்கொள்வோம். இந்தத் தெரு 1568-ல் கட்டப்பட்ட பரதேசி சினகாக் என்ற யூதர் ஆலயத்தில் போய் முடிகிறது. அதன் மணிக்கூண்டு எழுந்தது 1760-ல். ஆட்கள் நடக்கவும் மிளகும் இஞ்சியும் ஏலமும் மூட்டை மூட்டையாகப் போய்வரவும் அமைந்த தெரு இது. கிடங்குகள் இருந்த இடங்களில் இன்று பழம்பொருள் கடைகள். கடலை ஒட்டிய நிலம். ஏற்றம் இறக்கம் கிடையாது. சைக்கிளுக்கு இதைவிட நல்ல தரை அமையாது. ஆனால் வேகம் பிடிக்க இங்கே இடம் இல்லை. ஒருவர் நின்று படம் எடுக்கிறார், ஓர் ஆட்டோ திரும்புகிறது, கடையிலிருந்து ஒரு தள்ளுவண்டி குறுக்கே வருகிறது. மணிக்குப் பத்து, பன்னிரண்டு கிலோமீட்டருக்கு மேல் இங்கே யாரும் ஓட்ட முடியாது; ஓட்டவும் கூடாது. கொச்சியின் புழுக்கம் வேறு. ஜூன் பிறந்தால் மழை. இப்படி ஒரு தெருவுக்கு எந்த உட்காரும் முறை ஏற்றது என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில் நம் அப்பா, தாத்தா ஓட்டிய சைக்கிள். 1885-ல் இங்கிலாந்தில் ஜான் கெம்ப் ஸ்டார்லி கொண்டுவந்த ரோவர் சைக்கிளில்தான் இரண்டு சக்கரமும் கிட்டத்தட்ட ஒரே அளவாகி, செயின் பின்சக்கரத்துக்குப் போயிற்று. அதற்கு முன் இருந்த பெரிய சக்கர சைக்கிளில் ஓட்டுகிறவர் முன்சக்கரத்தின் உச்சியில் உட்கார்ந்திருப்பார். ஒரு கல் தடுக்கினால் தலைகுப்புற விழுவார். ஸ்டார்லி அவரைக் கீழே இறக்கி, இரண்டு சக்கரத்துக்கும் நடுவே உட்காரவைத்தார். 1888-ல் டன்லப் காற்றடைத்த டயரைக் கொண்டுவந்ததும் அந்த உட்காரும் முறை உலகம் முழுக்கப் பரவியது. அதிலிருந்து வளர்ந்த ஆங்கிலேய ரோட்ஸ்டர்தான் நம் நாட்டின் கறுப்பு சைக்கிள். 1949-ல் தொடங்கிய சென்னை அம்பத்தூர் டி.ஐ. சைக்கிள்ஸின் ஹெர்குலிஸ், சோனிபட்டின் அட்லஸ், லூதியானாவின் ஹீரோ எல்லாம் இந்த வம்சம்.

அதன் அமைப்பைக் கவனியுங்கள். சக்கரம் 28 அங்குலம். சீட்டைத் தாங்கும் குழாய் நன்றாகப் பின்னால் சாய்ந்திருக்கும். ரேஸ் சைக்கிளில் அந்தக் குழாய் தரையோடு ஏறத்தாழ 73 டிகிரி கோணத்தில் நிற்கும். ரோட்ஸ்டரில் அது 68 டிகிரியை ஒட்டி இருக்கும். ஹேண்டில்பார் நம்மை நோக்கி வளைந்து வந்து, கை நீட்டாமலே பிடிக்கும்படி நிற்கும். அதனால் முதுகு ஏறக்குறைய நேராக இருக்கிறது. கழுத்தை நிமிர்த்திப் பிடிக்க வேண்டியதில்லை. தலை உயரத்தில் இருப்பதால் நின்றிருக்கும் காருக்கு மேலாகவும் முன்னால் பார்க்கலாம். மற்றவர்கள் கண்ணிலும் நாம் படுவோம். உள்ளங்கையில் பாரம் விழுவதில்லை. கை திருப்புவதற்கு மட்டும்தான். ஒரு கையை எடுத்து வணக்கம் சொல்லலாம், மணி அடிக்கலாம், மழைக்குக் குடைகூடப் பிடிக்கிறார்கள்.

இதற்கு ஒரு விலையும் உண்டு. உடம்பின் பாரம் பெரும்பாலும் சீட்டின் மேல் விழுகிறது. குழியில் சக்கரம் இறங்கினால் அந்த அதிர்ச்சி நேரே முதுகெலும்பில் ஏறுகிறது. அகலமான சீட்டும் அதன் அடியில் சுருள் ஸ்பிரிங்குகளும் வந்தது இதனால்தான். சொகுசுக்காகச் சேர்த்தவை என்று நினைத்து, அழகாக இருக்கட்டும் என்று மெல்லிய ரேஸ் சீட்டை ரோட்ஸ்டரில் மாட்டிக்கொள்கிறவர்கள் முதுகுக்கு இருந்த ஒரே பாதுகாப்பைக் கழற்றி எறிகிறார்கள். குனிந்து ஓட்டுகிறவரின் இடுப்பு முன்னால் சாய்கிறது; பாரம் கைக்கும் காலுக்கும் பங்கிடப்படுகிறது; அவருக்குத்தான் ஒடுங்கிய சீட் பொருந்தும். சீட்டும் உட்காரும் முறையும் ஜோடி சேர வேண்டும்.

அடுத்தது நம் பிள்ளைகள் கேட்கும் கியர் சைக்கிள். 1970-களில் கலிபோர்னியாவின் மரின் பகுதி மலைச்சரிவுகளில் பிறந்த வகை இது. நேரான ஹேண்டில்பார், தடித்த டயர், பாதி குனிந்த முதுகு. காட்டுப் பாதையில் இந்த உட்காரும் முறைக்குப் பொருள் இருக்கிறது. ஏறும்போது முன்சக்கரம் தூக்காமல் இருக்க உடம்பு முன்னால் வர வேண்டும். இறங்கும்போது சீட்டைவிட்டு எழுந்து பின்னால் போக இடம் வேண்டும். மட்டாஞ்சேரியின் சமதளமான பஜார் ரோட்டில் இரண்டும் தேவைப்படுவதில்லை. மிஞ்சுவது உள்ளங்கையில் விழும் பாரம்தான். உள்ளங்கையின் வெளி ஓரத்தில் ஒரு நரம்பு ஓடுகிறது. அதன் மேல் அழுத்தம் விழுந்துகொண்டே இருந்தால் சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப்போகும். தினமும் பள்ளிக்கோ வேலைக்கோ இந்த வண்டியில் போகிறவர் அந்த மரப்பை அலட்சியம் செய்யக் கூடாது. ஹேண்டிலைச் சற்று உயர்த்துவதும் மணிக்கட்டு மடங்காமல் பிடிப்பதும் பெரும்பாலும் போதுமான மருந்து.

மூன்றாவது, கீழே வளைந்த கொம்பு போன்ற ஹேண்டில் வைத்த ரேஸ் சைக்கிள். இதை ஓட்டுகிறவர் வீண் பகட்டுக்காகக் குனியவில்லை, காற்றுக்காகக் குனிகிறார். காற்றின் எதிர்ப்பை வெல்லத் தேவையான சக்தி, வேகத்தின் முப்படிக்கு ஏற்ப வளர்கிறது. வேகத்தை இரட்டித்தால் சக்தி எட்டு மடங்கு வேண்டும். 1989-ல் டூர் டி பிரான்ஸ் பந்தயத்தின் கடைசி நாள். வெர்சாயிலிருந்து பாரிசுக்கு 24.5 கிலோமீட்டர், ஒவ்வொருவராகத் தனித்தனியே ஓட்ட வேண்டும். அமெரிக்கரான கிரெக் லெமாண்ட் முழங்கைகளை ஊன்றிக் கைகளை முன்னே குவிக்கும் புதுவகை ஹேண்டிலோடு வந்தார். அவருடைய போட்டியாளர் லோரான் ஃபினோன் வழக்கமான முறையில் ஓட்டினார். மூன்று வாரம் நடந்த பந்தயம் 8 விநாடியில் லெமாண்ட் பக்கம் போயிற்று. உட்காரும் முறை மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்த 8 விநாடியில் அதற்கும் பங்கு உண்டு என்பதைப் பலரும் ஏற்கிறார்கள்.

இந்த ரேஸ் முறைதான் இயற்கையான உச்சம், மற்றவை எல்லாம் அதற்குக் கீழ் என்று பலர் நம்புகிறார்கள். வரலாறு அப்படிச் சொல்லவில்லை. 1933-ல் பிரான்ஸில் பிரான்சிஸ் ஃபோர் என்பவர் மல்லாந்த நிலையில் காலை முன்னே நீட்டி ஓட்டும் மோஷே சைக்கிளில், ஒரு மணி நேரத்தில் 45.055 கிலோமீட்டர் ஓடிப் பழைய சாதனையை முறியடித்தார். மறு ஆண்டே உலக சைக்கிள் சங்கம் அந்த வகையைப் பந்தயத்திலிருந்து விலக்கிவிட்டது. 1993-ல் ஸ்காட்லாந்தின் கிரேம் ஓப்ரீ, தானே கட்டிய சைக்கிளில் கைகளை மார்போடு ஒடுக்கிக் குனிந்து அதே ஒரு மணி நேரத்தில் 51.596 கிலோமீட்டர் ஓடினார். 1994-ல் அதற்கும் தடை. பிறகு கைகளை முழுதும் முன்னே நீட்டும் முறையைக் கண்டுபிடித்தார். அதே முறையில் 1996-ல் கிறிஸ் போர்ட்மேன் 56.375 கிலோமீட்டர் ஓடினார். அதுவும் பின்னர் விலக்கப்பட்டது. ஆக, பந்தயக்காரர் உட்காரும் முறையை உடற்கூறு பாதி, விதிப்புத்தகம் பாதி எழுதியிருக்கின்றன. நம் தெருவில் அந்த விதிப்புத்தகம் செல்லாது. அதற்காக நாம் ஏன் முதுகை வளைக்க வேண்டும்?

மல்லாந்து ஓட்டும் சைக்கிளைப் பற்றியும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். நீண்ட, காலியான சாலையில் அது உடம்புக்கு மிக இதமானது. முதுகு முழுக்கச் சாய்மானம். கையில் பாரம் இல்லை. தொடை இடுக்கில் அழுத்தம் இல்லை. ஆனால் இந்தத் தெருவில் அதை ஓட்டினால் நம் தலை ஆட்டோ ஓட்டுநரின் கண்மட்டத்துக்குக் கீழே போய்விடும். இடம் மாறினால் நன்மையே ஆபத்தாகிறது.

இப்போது ஓர் எளிய கணக்கு. நிமிர்ந்து உட்கார்ந்தவர் காற்றுக்குக் காட்டும் எதிர்ப்பையும், கொம்பு ஹேண்டிலில் குனிந்தவர் காட்டும் எதிர்ப்பையும் வழக்கமான மதிப்புகளில் எடுத்துக்கொள்வோம். மணிக்கு 30 கிலோமீட்டரில் காற்றைத் தள்ள நிமிர்ந்தவருக்கு ஏறத்தாழ 200 வாட் சக்தி வேண்டும். குனிந்தவருக்கு 120 வாட் போதும். 80 வாட் மிச்சம் என்பது பெரிய விஷயம். அதே இருவரும் ஜூ டவுன் வேகமான 12 கிலோமீட்டரில் போனால்? நிமிர்ந்தவருக்கு ஏறத்தாழ 13 வாட், குனிந்தவருக்கு 7 அல்லது 8. மிச்சம் 5 வாட்தான். டயரில் காற்று பாதி இறங்கிக் கிடந்தால் அதனால் மட்டுமே இதைப்போல இரண்டு மூன்று மடங்கு எளிதில் வீணாகும். ஆகவே இந்த ஊரில் சைக்கிள் லேசாக ஓட வேண்டும் என்று விரும்புகிறவர் காற்றுக்காகக் குனிய வேண்டாம். சக்கரத்துக்குக் காற்று அடித்தால் போதும். குனிவதால் கிடைக்கும் 5 வாட்டுக்காக, நாலு பக்கமும் பார்க்கும் பார்வையையும் கழுத்தின் சுகத்தையும் விட்டுக்கொடுப்பது நல்ல வியாபாரம் அல்ல. மிளகு வியாபாரம் செய்த தெருவுக்கு இந்தக் கணக்கு புரியாமல் போகாது.

சுமையைப் பார்ப்போம். ஃபோர்ட் கொச்சியில் 'வெளி' என்று பெயர்கொண்ட பகுதியில் இருக்கும் டோபிக்கானாவில் நம் தமிழ்க் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகத் துணி வெளுத்துவருவது உங்களுக்குத் தெரியும். ஒரு துணி மூட்டையைக் கேரியரில் வைத்துக் கட்டினால் என்ன ஆகும்? பாரம் பின்னாலும் மேலேயும் போகிறது. முன்சக்கரம் லேசாகி ஹேண்டில் அலையும். ரோட்ஸ்டரில் இரண்டு சக்கரத்துக்கும் இடையே தூரம் அதிகம், முன் ஃபோர்க்கும் நன்றாகச் சாய்ந்திருக்கும். அதனால் மெதுவாகப் போகும்போதும் நேராகப் போகிறது. சுமை ஏற்றியவர் தானாகவே சற்று முன்னால் சாய்ந்து அதை ஈடுகட்டுகிறார். மீன் பெட்டி வைத்தவரும் பால் கேன் மாட்டியவரும் இதைத்தான் செய்கிறார்கள். எந்தப் புத்தகத்திலும் படிக்காமல் உடம்பால் கற்ற பாடம் இது. ரேஸ் சைக்கிளில் இதே சுமையை ஏற்றினால் அந்த வண்டி தாங்காது, ஓட்டுகிறவரும் தாங்கமாட்டார்.

உடுப்பும் அப்படித்தான். வேட்டியோ முண்டோ மடித்துக் கட்டியவருக்கும் புடவை உடுத்தியவருக்கும் நிமிர்ந்து உட்காரும் முறைதான் வசதி. ஆனால் புடவைக்கு நடுவே பார் இல்லாத சைக்கிள்தான் ஏற்றது என்று நாம் முடிவு கட்டியிருந்தபோது, புதுக்கோட்டைப் பெண்கள் வேறு பாடம் சொன்னார்கள். 1990-களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கத்தின்போது, அன்றைய மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் சைக்கிள் பயிற்சியை எழுத்தறிவோடு சேர்த்தார். லட்சத்துக்கும் மேற்பட்ட கிராமத்துப் பெண்கள் ஓட்டக் கற்றுக்கொண்டார்கள் என்று அங்கே போய்ப் பார்த்து எழுதியவர் பத்திரிகையாளர் பி. சாய்நாத். லேடீஸ் சைக்கிள் போதாமல் ஜென்ட்ஸ் சைக்கிளையும் வாங்கினார்கள். சிலர் அதையே விரும்பினார்கள். ஏனென்றால் அந்த பாரில் குழந்தையை உட்காரவைக்கலாம். ஓட்டுகிறவருக்குத் தன் தேவை தெரியும். அவரைக் கேட்காமல் எது வசதி என்று வெளியிலிருந்து முடிவு செய்யக் கூடாது.

குழந்தைகள் விஷயத்தில் நாம் இன்னும் கடன்பட்டிருக்கிறோம். பெரியவர்கள் சைக்கிளைச் சிறுவர்கள் ஓட்டிய குரங்கு பெடலை இங்கே பலர் ஓட்டியிருப்பீர்கள். இடது கை ஹேண்டிலில். வலது கை சீட்டை அணைத்தபடி. வலது கால் பாருக்கு அடியில் நுழைந்து அந்தப் பக்கப் பெடலை மிதிக்கும். இடுப்பு ஒரு பக்கம், தோள் ஒரு பக்கம். ராசி அழகப்பனின் 'சைக்கிள்' கதையை வைத்துக் கமலக்கண்ணன் இயக்கி 2024-ல் வந்த படத்துக்குப் பெயரே 'குரங்கு பெடல்'. அந்த நினைவு இனிக்கிறது, எனக்கும் இனிக்கிறது. ஆனால் அந்தத் திருகலுக்குக் காரணம் சிறுவர்களுக்கு ஏற்ற சைக்கிள் அந்த வீடுகளுக்கு எட்டாமல் இருந்ததுதான். இல்லாத சைக்கிளின் குறையைப் பிள்ளையின் உடம்பு சுமந்தது.

இன்று சின்ன சைக்கிள்கள் கிடைக்கின்றன. ஆனாலும் "வளர்கிற பிள்ளை, பெரிதாகவே வாங்கிவிடு" என்கிறோம். பன்னிரண்டு வயதுப் பிள்ளை 26 அங்குலச் சக்கர கியர் சைக்கிளில், எட்டாத ஹேண்டிலுக்குக் கையை நீட்டி, பிரேக் பிடிக்க விரல் போதாமல் ஓட்டுகிறது. சட்டை பெரிதாக இருந்தால் கையை மடித்துவிடலாம். சைக்கிள் பெரிதாக இருந்தால் பிள்ளையால் தக்க நேரத்தில் நிறுத்த முடியாது. தமிழ்நாட்டில் 2000-களின் தொடக்கத்திலிருந்து பதினோராம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அரசு விலையில்லா சைக்கிள் கொடுத்துவருகிறது. எத்தனையோ பெண் பிள்ளைகளைப் படிப்பில் தக்கவைத்ததில் அதற்குப் பங்கு உண்டு, அதைப் போற்றுகிறேன். போற்றுவதால்தான் இன்னும் ஒரு படி கேட்கிறேன்: அந்த சைக்கிள் ஒவ்வொரு பிள்ளையின் உயரத்துக்கும் சரிசெய்யப்பட வேண்டும்.

சரிசெய்வது எப்படி? சீட்டில் உட்கார்ந்து, பெடலைக் கீழே கொண்டுபோய், குதிகாலை அதில் வையுங்கள். கால் அப்போதுதான் நேராக நீள வேண்டும். பிறகு வழக்கம்போல முன்பாதத்தை வைத்தால் முழங்கால் லேசாக மடங்கி நிற்கும். 25 முதல் 35 டிகிரி மடிப்பு என்பது மருத்துவர்களும் பயிற்சியாளர்களும் சொல்லும் அளவு. 1967-ல் ஹாம்லி, தாமஸ் என்ற ஆய்வாளர்கள் சக்தி முழுதும் பயன்படும் உயரத்தைக் கணக்கிட்டார்கள்: கவட்டிலிருந்து தரை வரையுள்ள அளவைப்போல 109 சதவீதம். கவட்டு உயரம் 30 அங்குலம் என்றால், கீழே இறங்கிய பெடலிலிருந்து சீட்டின் மேல்பாகம் வரை ஏறத்தாழ 32 முக்கால் அங்குலம். இது வேகமாக ஓட்டுகிறவருக்கான அளவு. அடிக்கடி நின்று கால் ஊன்ற வேண்டிய தெருவில் கொஞ்சம் இறக்கிக்கொள்ளலாம். ஆனால் நம்மில் பெரும்பாலோர் கொஞ்சம் இறக்குவதில்லை. முழங்கால் நெஞ்சுக்கு வருகிற அளவுக்கு இறக்கிவிடுகிறோம். அப்போது ஒவ்வொரு மிதிக்கும் முழங்கால் சில்லு தொடையெலும்போடு அழுந்துகிறது. முட்டி வலியின் வேர் பலருக்கு இங்கேதான் இருக்கிறது.

சீட்டின் மூக்கு மேலே தூக்கியிருக்கக் கூடாது. தொடை இடுக்கில் மரத்துப்போவதை வெட்கப்பட்டு மறைக்கவும் கூடாது. அமெரிக்காவில் சைக்கிளில் ரோந்து போகும் 90 போலீஸ்காரர்களுக்கு மூக்கில்லாத சீட்டைக் கொடுத்து ஆறு மாதம் கவனித்த ஆய்வு 2008-ல் வெளிவந்தது. மரப்பு பெரிதும் குறைந்தது. தொழிலுக்காக நாள் முழுக்க சைக்கிளில் இருக்கிறவர்களின் உடம்பைப் பற்றி அங்கே ஓர் அரசு நிறுவனம் அக்கறை எடுத்தது. நம் ஊரில் உணவு கொண்டுபோகும் பிள்ளைகளுக்கும் மீன்காரருக்கும் அந்த அக்கறை கிடைக்க வேண்டாமா?

கடைசியாக ஹேண்டில். உட்கார்ந்து பிடித்தால் முழங்கை விறைக்காமல் சற்று மடங்கியிருக்க வேண்டும். மணிக்கட்டு நேராக இருக்க வேண்டும். பிரேக் விரலுக்கு எட்ட வேண்டும். மூன்றும் அமைந்துவிட்டால் உங்கள் சைக்கிள் எந்தக் கம்பெனியுடையதாக இருந்தாலும் அது உங்களுக்கு நல்ல சைக்கிள்.

இவை எதற்கும் பெரிய செலவு இல்லை. ஒரு ஸ்பேனரும் கால்மணி நேரமும் போதும். ஆகவே மூன்று கோரிக்கைகளோடு முடிக்கிறேன். இங்கே பயணிகளுக்கு வாடகை சைக்கிள் விடும் கடைக்காரர்கள், வண்டியைக் கொடுக்குமுன் சீட்டை ஆளுக்கு ஏற்ப ஏற்றி இறக்கிக் கொடுக்கட்டும். பெற்றோர்கள் பிள்ளையைக் கடைக்குக் கூட்டிப்போய் உட்காரவைத்துப் பார்த்து வாங்கட்டும். பள்ளிகளில் சைக்கிள் கொடுக்கும் நாளில், சாவியோடு சேர்த்து அளவும் பார்த்துக் கொடுக்க ஒரு மெக்கானிக் அங்கே நிற்கட்டும். அவருக்கு அந்த நாளுக்கான கூலியைத் திட்டத்திலேயே சேர்க்கட்டும். சைக்கிள் கொடுப்பது பாதி உதவி. அதில் வலியில்லாமல் உட்காரவைப்பதுதான் மீதிப் பாதி.